எல்லாருக்கும் 20

தாதி வேலையில் நான் எழுதிய முதல் பொய் ஓர் எண். 20.

1997. பினாங்கில் ஒரு மருத்துவமனை, ஆண்கள் மெடிக்கல் வார்டு, நைட் ஷிப்ட். 32 கட்டில், நடையில் கேம்ப் பெட் நாலு, எல்லாவற்றிலும் ஆள். வேலைக்குச் சேர்ந்து ஏழெட்டு மாதம்தான் ஆகியிருந்தது. நள்ளிரவு ரவுண்டில் சூடு பார்த்தேன், நாடி பார்த்தேன், பிபி பார்த்தேன். மூச்சு என்ற கட்டம் வந்ததும் வரிசையாக 20, 20, 20 என்று போட்டுக்கொண்டே போனேன். எனக்கு முந்தின ஷிப்டும் 20தான் போட்டிருந்தது. அதற்கு முந்தினதும் அதேதான்.

பதினோராம் கட்டிலில் ஒரு சீன அங்கிள். நீரிழிவு, காலில் புண். இரண்டு மணிக்குக் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தூக்கம் வரவில்லை போல என்று நினைத்துக் கடந்துபோனேன். ஐந்தரைக்கு உடம்பு துடைக்கப் போனால், சட்டை முழுக்கச் சில்லென்று வியர்வை. ஆறு மணிக்கு அவர் ஐசியுவில் இருந்தார். புண்ணில் இருந்த கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது.

காலையில் சிஸ்டர் சார்ட்டைக் கையில் எடுத்தார். அவரும் தமிழர்தான், ஆனால் வார்டில் தமிழ் பேச மாட்டார். அன்றைக்குப் பேசினார். "ஏம்மா, இந்த வார்டுல முப்பத்தாறு பேருக்கும் ஒரே மூச்சா?"

அவ்வளவுதான் கேட்டார். என்னை வீட்டுக்கு விடாமல், ஒவ்வொரு கட்டிலாக நின்று முழு நிமிடம் மூச்சை எண்ணச் சொன்னார். பதினோராம் கட்டில் காலி. முப்பத்தைந்து பேர், முப்பத்தைந்து நிமிடம். 12 இருந்தது, 16 இருந்தது, 22 இருந்தது. நடை ஓரத்து கேம்ப் பெட்டில் ஒருவருக்கு 30. அவருக்கும் என் கையெழுத்தில் 20தான். அங்கிளுக்குக் கால்விரல் இரண்டு போயிற்று. ஆள் பிழைத்து வந்தார்.

இதை இப்போது எழுதக் காரணம் என் தங்கச்சி மகள். மூன்று வருட டிப்ளோமா முடித்து, போன மாதம் கோலாலம்பூரில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். "பெரியம்மா, படிச்சதெல்லாம் வார்டுக்குள்ள நுழைஞ்சதும் காணாமப் போயிடுது. நீங்க எப்படிக் கத்துக்கிட்டீங்க?" என்று ஃபோனில் கேட்டாள். எந்த கோர்ஸுக்குப் போகலாம், எந்தச் சான்றிதழ் வாங்கலாம் என்று சொல்லுவேன் என எதிர்பார்த்தாள். அதுவும் சொல்லுகிறேன், ஆனால் கடைசியில். முதலில் பார்க்கப் பழக வேண்டும், பார்த்ததை எழுதிவைத்துச் சரிபார்க்க வேண்டும். மற்றதெல்லாம் இந்த இரண்டின் மேல்தான் ஏறி நிற்கும்.

மூச்சை எண்ணும் விதம்

"மூச்சை எண்ணப் போகிறேன்" என்று நோயாளியிடம் சொல்லாதீர்கள். சொன்ன உடனே அவருக்கே தெரியாமல் மூச்சு மாறிவிடும். நாடி பார்த்த கையை விடாமல், அதே பிடியில் நின்றுகொண்டு மார்பையோ வயிற்றையோ பாருங்கள். எது நன்றாக ஏறி இறங்குகிறதோ அது. போர்வை கனமாக இருந்தால் அவருடைய கையையே மார்பின் மேல் வைத்துவிடுங்கள். கை ஏறி இறங்குவது தெரியும். 15 வினாடி எண்ணி நாலால் பெருக்குவது எல்லாரும் செய்வதுதான். ஒரு மூச்சை விட்டால் கணக்கில் நாலு விட்டதாகும். முழு நிமிடம் எண்ணுங்கள்.

பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை சாதாரணம். 24, 25 என்று போனால் அந்த ஆளை விட்டு நகராதீர்கள், ஏன் என்று தேடுங்கள். ரத்தத்தில் கிருமி ஏறினாலும், அமிலம் கூடினாலும், நுரையீரலில் நீர் கோத்தாலும் மூச்சுதான் முதலில் வேகமெடுக்கிறது. பிபி கடைசியில்தான் இறங்கும், அதுவும் இளவயதுக்காரர்களின் உடம்பு ரொம்ப நேரம் சமாளித்துக் காட்டிவிட்டுத் திடீரென்று கவிழும். விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவி 97 காட்டுகிறது என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. நிமிடத்துக்கு 32 தடவை மூச்சு வாங்கித்தான் அந்த மனுஷன் 97ஐப் பிடித்து வைத்திருப்பார். கருவி வரவைக் காட்டும். செலவை நாம்தான் எண்ண வேண்டும்.

அந்த ஒரு நிமிடத்தில் கண் சும்மா இருக்காது. கழுத்துத் தசை இழுக்கிறதா, மூக்கு விரிகிறதா, நகம் என்ன நிறம், சிறுநீர்ப் பையில் எவ்வளவு இறங்கியிருக்கிறது, காலைக் கஞ்சியைத் தொட்டாரா. ஒரு முழு வாக்கியத்தை இடையில் நிறுத்தாமல் பேச முடிகிறதா என்று பார்க்க, "நேத்து யார் பார்க்க வந்தாங்க?" என்று கேட்டால் போதும். "மகன்... மருமக... பேரன்" என்று மூச்சு வாங்கி வாங்கிப் பதில் வந்தால், ஸ்டெதஸ்கோப் வைக்காமலே பாதி தெரிந்துவிட்டது.

ஒரு வார்டில் ஒரு நாளைக்கு மூன்று பேரிடமாவது இதை முழுதாகச் செய்யுங்கள். எல்லாரிடமும் செய்யுங்கள் என்று சொல்லத்தான் ஆசை. 30 பேருக்கு மூன்று தாதி இருக்கும் நைட் ஷிப்டை நானும் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்லவில்லை.

555 புத்தகம்

எங்கள் பிறை வட்டாரத்தில், மளிகைக்கடைக் கடன் எழுதும் சின்னப் புத்தகத்துக்கு 555 என்றுதான் பெயர். அப்பா சம்பளத்தில் பாதி அந்தப் புத்தகத்துக்குத்தான் போகும். உள்ளங்கை அளவு, யூனிபார்ம் பாக்கெட்டில் சரியாக உட்காரும். மூச்சு எண்ணிய அந்த வாரமே ஒன்று வாங்கினேன். அப்புறம் எத்தனை வாங்கினேன் என்று கணக்கே இல்லை.

எழுதும் முறை இதுதான். ஒரு நோயாளிக்கு மூன்று வரி. முதல் வரி, பார்த்தது. இரண்டாவது வரி, என்ன நடக்கும் என்று நினைக்கிறேன். மூன்றாவது வரியைக் காலியாக விட்டு, அடுத்த நாளோ அதற்கு மறுநாளோ என்ன நடந்தது என்று நிரப்ப வேண்டும். பெயர் எழுதாதீர்கள், அடையாள அட்டை (ஐசி) நம்பர் எழுதாதீர்கள். கட்டில் எண்ணும் தேதியும் போதும். புத்தகம் தீர்ந்ததும், கற்றதை வீட்டு நோட்டில் ஏற்றிவிட்டுக் கிழித்துப் போடுங்கள். ஃபோனில் படம் எடுத்து வைப்பது வேண்டவே வேண்டாம். அந்த ஒரு படத்தால் உங்கள் வேலை போகலாம்.

என்னுடையதில் ஒன்று இப்படி இருந்தது. "கட்டில் 7. பாட்டி. நேற்று முழுக் கஞ்சி, இன்றைக்கு இரண்டு ஸ்பூன். மகளைத் தங்கச்சி என்கிறார். நினைப்பு: சிறுநீரில் கிருமி. நடந்தது: சோடியம் 118." ரத்தத்தில் உப்பு ரொம்ப இறங்கியிருந்தது. கிருமி என்று நினைத்தது தப்பு. ஆனால் வயதானவர் திடீரென்று குழம்பினால், "வயசாச்சு, அப்படித்தான்" என்று விடக் கூடாது, ரத்தம் எடுக்கச் சொல்ல வேண்டும் என்பது அந்த மூன்றாவது வரியால்தான் என் மண்டையில் ஏறியது. பாடப்புத்தகத்தில் ஏற்கெனவே படித்திருந்தேன். ஏறவில்லை.

முதல் வருடம் என் ஊகம் பத்துக்கு மூன்று சரியாக வந்தால் பெரிது. தப்பான ஊகங்களை அடிக்காதீர்கள். பத்து வருடம் கழித்து உங்களுக்கு "உள்ளுணர்வு" இருப்பதாக ஜூனியர்கள் பேசுவார்கள். அந்த உள்ளுணர்வு வேறொன்றுமில்லை, அடிக்காமல் விட்ட அந்தத் தப்புகள்தான்.

காய்ச்சல் விட்ட நாள்

மலேசியாவில் தாதியாக இருந்தால் டெங்கியைத் தவிர்க்க முடியாது. எந்த வார்டில் போட்டாலும் அது தேடி வரும். பார்க்கப் பழகுவதற்கு அதைவிட நல்ல வாத்தியார் இல்லை, ஏனென்றால் அது நம் பொதுப்புத்தியை ஏமாற்றும் நோய். மற்ற காய்ச்சலில் சூடு இறங்கினால் நல்ல சேதி. டெங்கியில் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவில் சூடு இறங்கும்போதுதான் ஆபத்துக் காலம் ஆரம்பிக்கிறது. ரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசியும், ரத்தம் கெட்டிப்படும், பிளேட்லெட் சரியும். 24 முதல் 48 மணி நேரம் இந்த ஆட்டம்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு பையன், ஐந்தாம் நாள். காலையில் சூடு 37. ஃபோனில் கேம் ஆடிக்கொண்டிருந்தான். அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போகத் துணியெல்லாம் மடித்துவிட்டார். "மிஸ்ஸி, காய்ச்சல் விட்டுருச்சு, இன்னைக்கு டிஸ்சார்ஜ்தானே?" கையைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது. பிபி 104க்கு 88. மேல் எண்ணை மட்டும் பார்த்தால் ஒன்றும் இல்லை. இரண்டையும் கழித்துப் பாருங்கள்: 16. அந்த வித்தியாசம் 20க்குக் கீழே குறுகினால், உடம்பு அதிர்ச்சி நிலையின் வாசலில் நின்று கதவைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பையன் அன்றைக்கு வீட்டுக்குப் போகவில்லை. நாலு நாள் கழித்துப் போனான்.

இதற்கு நம் வார்டுகளில் ஒரு பாடம் உண்டு, சிசிடிவிஆர் என்பார்கள். நோயாளியின் கையைப் பிடித்தபடியே ஐந்து விஷயம்: தோலின் நிறம், நகத்தை அழுத்தி விட்டால் ரத்தம் திரும்ப எத்தனை வினாடி ஆகிறது, கைகாலின் சூடு, நாடியின் பலம், நாடியின் வேகம். அழுத்திய இடம் இரண்டு வினாடிக்குள் சிவக்க வேண்டும். மொத்தம் அரை நிமிட வேலை. இதைக் காகிதத்தில் மனப்பாடம் செய்து பிரயோசனமில்லை. நன்றாக இருக்கும் ஆட்களின் கையை முதலில் ஐம்பது தடவை பிடித்துப் பாருங்கள், வீட்டில் அம்மா கை, தம்பி கை. சாதாரணம் எப்படி இருக்கும் என்று விரலுக்குத் தெரிந்தால்தான் சாதாரணம் இல்லாதது தெரியும்.

வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், ஒரேயடியாகச் சோர்ந்துபோவது, காரணமில்லாமல் பரபரப்பது: இவற்றில் எதைச் சொன்னாலும் டாக்டரைக் கூப்பிடுங்கள். "சும்மா அசதியா இருக்கு" என்று சொல்லும் டெங்கி நோயாளியை நான் நம்புவதே இல்லை.

நெஞ்சு கரிக்குது

பாஷையும் ஒரு கைத்தொழில். நம் ஆட்கள் இதை மறந்துவிடுகிறார்கள், பிறப்பிலேயே வந்ததால்.

தோட்டத்தில் வேலை செய்த பாட்டிகள் யாரும் "நெஞ்சு வலி" என்று சொல்ல மாட்டார்கள். "மாரை அடைக்குது" என்பார்கள். "நெஞ்சு கரிக்குது", "வாய்வு ஏறி நிக்குது", "கையி அசந்து போகுது", "படபடன்னு வருது". இதை மலாயிலோ ஆங்கிலத்திலோ மாற்றிச் சொல்லும்போது "காஸ்ட்ரிக்" என்று சுருக்கிவிட்டால் மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். வாய்வு என்று சொன்ன பாட்டிக்கு மாரடைப்பு இருந்ததை ஒரு தடவைக்கு மேல் பார்த்திருக்கிறேன். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. நீண்ட நாள் நீரிழிவு நரம்பை மழுக்கும், மாரடைப்பே வலியில்லாமல் வரலாம். அதனால் "வாய்வு" என்று சொல்லும் நீரிழிவுக்காரருக்கு ஈசிஜி எடுக்கச் சொல்லிக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை.

மொழிபெயர்க்கும்போது நோயாளி சொன்ன வார்த்தையை அப்படியே முதலில் சொல்லுங்கள், அப்புறம் உங்கள் விளக்கத்தைச் சொல்லுங்கள். "மார்பு அடைக்கிறது என்கிறார், கை அசருகிறது என்கிறார், வாய்வு என்று அவரே முடிவு செய்திருக்கிறார்." டாக்டர் யோசிக்க இடம் இருக்கும்.

பினாங்கில் சீனர்கள் பேசும் ஹொக்கியன் மொழியில் பத்து வார்த்தையாவது வேண்டும். "தியா போ?" என்றால் வலிக்கிறதா என்று கேட்பது. "சுவான்" என்று அவர்கள் சொன்னால் மூச்சு வாங்குகிறது. அந்த ராத்திரி பதினோராம் கட்டில் அங்கிள் என்னிடம் சொன்னது இந்த வார்த்தையைத்தான் என்று எனக்கு ஆறு மாதம் கழித்து, கேன்டீனில் ஒரு அட்டெண்டன் பேசிக்கொண்டிருந்தபோது புரிந்தது. சாப்பாட்டுத் தட்டோடு அப்படியே நின்றேன்.

வலியின் அளவு கேட்பதும் இப்படித்தான். 2008 முதல் நம் அரசாங்க மருத்துவமனைகளில் வலியையும் சூடு, நாடி, மூச்சு, பிபியோடு ஐந்தாவதாகச் சேர்த்து எழுத வேண்டும். 0 முதல் 10க்குள் சொல்லுங்கள் என்றால் பாட்டி முழிப்பார், அல்லது நம்மைச் சந்தோஷப்படுத்த "ஒண்ணும் இல்லம்மா" என்பார். "பிள்ளை பெத்த வலி பத்துன்னு வச்சுக்குவோம் பாட்டி, இது எத்தனை?" என்று கேட்டுப் பாருங்கள். தாத்தாக்களிடம் இது செல்லாது. அவர்களிடம், "திரும்பிப் படுக்க விடுதா, இருமினா என்ன ஆகுது?" என்று கேட்பதுதான் சரி.

மூன்று மணிக்கு ஃபோன்

ராத்திரி மூன்று மணிக்கு எம்ஓவை, அதாவது டியூட்டி டாக்டரை, எழுப்புவதற்குப் பயப்படாத ஜூனியர் கிடையாது. நான் ஆரம்பத்தில் பேசியது இப்படி இருக்கும்: "டாக்டர், சாரி டாக்டர், கட்டில் 14 கொஞ்சம் சரியில்லை டாக்டர்." அந்தப் பக்கம் தூக்கக் கலக்கத்தில், "பிபி எவ்ளோ? நேத்து எவ்ளோ? யூரின்?" ஒவ்வொரு கேள்விக்கும் சார்ட்டைத் தேடி ஓடுவேன்.

இதற்கு ஐஎஸ்பிஏஆர் என்று ஒரு வரிசை இருக்கிறது. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பலில் பேசிய முறையிலிருந்து மருத்துவமனைக்கு வந்தது. யார் பேசுகிறேன், இப்போது என்ன, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், என்ன வேண்டும். ரிசீவரை எடுப்பதற்கு முன் ஒரு துண்டுத் தாளில் இந்த ஐந்தையும் எழுதிவிடுங்கள். நான் என் ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் மாதிரி:

"டாக்டர், நான் மெடிக்கல் வார்டு ஸ்டாஃப் நர்ஸ். கட்டில் 14, மூச்சு 28, நாலு மணி நேரம் முன்னால் 18. நிமோனியா, இரண்டாம் நாள் ஆன்டிபயாடிக். நாடி 118, பிபி 98க்கு 60, கடைசி மூன்று மணி நேரத்தில் சிறுநீர் 40 மில்லி. ரத்தத்தில் கிருமி பரவுகிறதோ என்று நினைக்கிறேன். இப்போதே வந்து பார்க்க வேண்டும். வருவதற்குள் ரத்தம் எடுத்து வைக்கட்டுமா?"

கடைசி மூன்று வாக்கியம்தான் தமிழ்ப் பெண்களுக்குக் கஷ்டம். டாக்டரிடம் "நான் நினைக்கிறேன்" என்று சொல்வதா! சொல்லுங்கள். தப்பாக இருந்தால் அவர் திருத்துவார். சொல்லாமல் விட்டதை யாராலும் திருத்த முடியாது. பத்து நிமிடத்தில் வரவில்லை என்றால் மறுபடி கூப்பிடுங்கள், அதற்கும் வரவில்லை என்றால் அவருக்கு மேலே இருப்பவரைக் கூப்பிடுங்கள். கூப்பிட்ட நேரத்தைக் குறித்துவையுங்கள். ஷிப்ட் மாறும்போது செய்யும் பாஸ்ஓவரிலும் இதே வரிசையில் சொன்னால், அரை மணி நேரம் இழுக்கும் கதை பத்து நிமிடத்தில் முடியும், நீங்கள் நேரத்தோடு வீட்டுக்குப் போகலாம்.

ஒன்று சொல்ல வேண்டும். நான் இடையில் இரண்டு வருடம் வேலை செய்த ஓர் இடத்தில், கேள்வி கேட்டால் நோயாளி முன்னாலேயே ஏசுவார்கள். "இது கூடத் தெரியாதா?" அங்கே நான் ஆறு மாதம் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஆறு மாதமும் வீண். அப்படிப்பட்ட இடத்தில் மாட்டிக்கொண்டால் வார்டுக்கு வரும் மருந்தாளரைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிசியோதெரபிஸ்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவர்களிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை, கேட்டால் ஆசையாகச் சொல்லித் தருவார்கள். கபத்தை எப்படி இருமி வெளியே கொண்டுவர வைப்பது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது பிசியோ அக்கா ஒருவர்தான்.

கணக்கும் கையும்

மருந்துக் கணக்கைத் தாளில் போடுங்கள். டிரிப் ஏற்ற பம்ப் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். பம்ப் நீங்கள் தட்டியதைத்தான் செய்யும். 500 மில்லி, நாலு மணி நேரம், ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் செட்: மணிக்கு 125 மில்லி, நிமிடத்துக்கு 42 சொட்டு. இது கண்ணை மூடிக்கொண்டு வர வேண்டும். இரண்டு பேர் சரிபார்க்கும் மருந்து என்றால், இரண்டாவது ஆளிடம் விடையைச் சொல்லாமல் தனியாகக் கணக்குப் போடச் சொல்லுங்கள். "5 மில்லிதானே?" என்று கேட்டால் யாருமே தலையாட்டுவார்கள். பொட்டாசியத்தை நேராக ஊசியில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். இதைப் படித்திருப்பீர்கள். ராத்திரி நாலு மணிக்கு, இரண்டு ஆம்பியூல் ஒரே மாதிரி இருக்கும்போது ஞாபகம் வர வேண்டும்.

பிரானுலா, அதாவது டிரிப் ஏற்றக் கையில் குத்தும் குழாய், போடுவது எண்ணிக்கையால் வரும் வித்தை, பேசிப் பயனில்லை. இரண்டே குறிப்பு. வயதானவர்களின் ரத்தக் குழாய் தோலுக்கு அடியில் உருளும், தோலைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடித்தால் நிற்கும். இரண்டு தடவை தவறினால் மூன்றாவதை வேறொருவர் போடட்டும். உங்கள் ரோஷத்துக்கு நோயாளியின் கை கிடைக்கக் கூடாது.

நைட் முடிந்து வீட்டுக்குப் போவதையும் வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் நான் பினாங்குத் தீவிலிருந்து ஃபெர்ரியில் அக்கரை பட்டர்வொர்த் போவேன். தீவுக்கு வரும்போது மட்டும்தான் காசு, திரும்பிப் போக இலவசம், இருபது நிமிடம் தூங்கலாம். இப்போது எல்லாரும் மோட்டாரில் பாலத்தைக் கடக்கிறீர்கள். கண் சொருகினால் வார்டு ஓய்வறையில் அரை மணி நேரம் படுத்துவிட்டுப் போங்கள்.

மறுபடி கத்துக்குட்டி

இப்போது கோர்ஸ். தங்கச்சி மகளே, இதற்குத்தான் காத்திருந்தாய்.

பாட்ரிசியா பென்னர் என்ற அமெரிக்கத் தாதி 1984இல் ஒன்று சொன்னார். தாதி ஐந்து படியாக வளர்கிறாள்: புதியவள், கொஞ்சம் பழகியவள், தேறியவள், கைவந்தவள், நிபுணி. படி ஏற ஏற, விதியைப் பார்த்துச் செய்வது குறைந்து நிலைமையை மொத்தமாகப் பார்ப்பது கூடும். இதை எல்லாரும் பரீட்சைக்கு எழுதிவிட்டு மறந்துவிடுகிறார்கள். மறக்கக் கூடாத பகுதி ஒன்று உண்டு: வார்டு மாறினால் நிபுணியும் மறுபடி முதல் படிக்கு வருவாள்.

எட்டு வருடம் மெடிக்கல் வார்டில் இருந்துவிட்டு, தீவிர சிகிச்சையில் போஸ்ட் பேசிக் (டிப்ளோமாவுக்குப் பிறகு ஒரு துறையில் எடுக்கும் சிறப்புப் பயிற்சி) முடித்து ஐசியுவுக்குப் போனேன். பழைய வார்டில் என்னைக் கேட்டுவிட்டுத்தான் ஹவுஸ்மேன்கள் (பயிற்சி டாக்டர்கள்) மருந்து எழுதுவார்கள். ஐசியுவில் முதல் வாரம் வென்டிலேட்டர் கத்தியபோது, எந்தப் பட்டனை அழுத்தினால் சத்தம் நிற்கும் என்று தேடிக்கொண்டிருந்தேன். என்னைவிட ஆறு வயது சின்னப் பெண் ஒருத்தி வந்து, மெஷினைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நோயாளியின் மார்பைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் ஏறுகிறதா, குழாய் நகர்ந்திருக்கிறதா, சளி அடைத்திருக்கிறதா. அப்புறம்தான் மெஷின். சளிதான். உறிஞ்சி எடுத்தாள், சத்தம் நின்றது. அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் புது 555 வாங்கினேன்.

அதனால் போஸ்ட் பேசிக் எடுக்க அவசரப்படாதீர்கள், தள்ளியும் போடாதீர்கள். பொது வார்டில் இரண்டு, மூன்று வருடம் இருந்து, உங்கள் 555இல் எந்த மாதிரி நோயாளியைப் பற்றி அதிகம் எழுதியிருக்கிறீர்கள் என்று புரட்டிப் பாருங்கள். சிறுநீரகமா, குழந்தையா, பிரசவமா, ஆபரேஷன் அறையா. அலவன்ஸுக்காக எடுத்தவர்களையும் எனக்குத் தெரியும். பணம் வருகிறது, டயாலிசிஸ் மெஷினைப் பார்த்தாலே முகம் சுருங்குகிறது.

டிகிரி பகுதி நேரமாகப் படிக்கலாம், படியுங்கள். வார்டை விட்டு ஓடுவதற்காகப் படிக்காதீர்கள்.

ஏபிசி என்று நாங்கள் சொல்லும் தொழில் சான்றிதழ் டிசம்பர் 31 வரைதான் செல்லும், வருடா வருடம் தாதியர் வாரியத்தில் புதுப்பிக்க வேண்டும், அதற்கு சிபிடி புள்ளி (தொடர்ந்து படிப்பதற்குக் கிடைக்கும் புள்ளி) வேண்டும். நவம்பரில் புள்ளி துரத்தி, கிடைக்கிற உரைக்கெல்லாம் போய் ஏசியில் தூங்குவது நம் தேசிய வழக்கம். ஜனவரியிலேயே உங்கள் வார்டுக்கு உதவும் நாலு தலைப்பைத் தேர்ந்தெடுங்கள். அதில் ஒன்றை நீங்களே பேசுங்கள். பேசினாலும் புள்ளி உண்டு. பேச ஒப்புக்கொண்ட பிறகுதான் நான் பொட்டாசியம் பற்றி உருப்படியாகப் படித்தேன்.

நான் இப்போது லோக்கல் பிரிசெப்டர். மாணவிகள் வருவார்கள், ஆறு வாரம் என் பின்னாலேயே சுற்றுவார்கள். போன தடவை வந்த பெண் ஒருத்தி, "சிஸ்டர், கட்டில் 3 மோசமாகப் போகுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. தெரிந்தது, அவ்வளவுதான். அன்று மத்தியானம் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். அவர் காலையில் எனக்குக் குட் மார்னிங் சொல்லவில்லை. தினமும் சொல்லுவார். கஞ்சிக் கிண்ணத்தின் மூடியைத் திறக்கவில்லை. மூச்சு 26. மூன்றையும் அவளுக்குச் சொன்னேன், அவள் எழுதிக்கொண்டாள்.

போகும்போது என்னுடைய, இன்னும் கிழிக்காத 555 ஒன்றைக் கொடுத்து, படித்துவிட்டுத் தா என்றேன். இரண்டு நாளில் திருப்பிக் கொண்டுவந்தாள். கையெழுத்து ஒன்றுமே புரியவில்லையாம்.